1,23,45,678: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே பிரிப்பது எப்படி?

எட்டு இலக்க எண்ணைக் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால், பலரும் கால்குலேட்டரில் கண்டபடி வகுத்துப் பார்ப்பார்கள். ஒரு வரிசை வைத்துக்கொண்டால் காகிதமும் பேனாவும் போதும். 1,23,45,678-ஐயே எடுத்துக்கொள்வோம்.

படி 1: சுலபமானவை முதலில்

கடைசி இலக்கம் 8, ஆகவே 2-ஆல் வகுபடும்: 61,72,839. இது ஒற்றைப்படை எண். 2 அத்தோடு சரி. கடைசியில் 0 அல்லது 5 இல்லாததால் 5-உம் இல்லை.

அப்புறம் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 6+1+7+2+8+3+9 = 36. 36 ஒன்பதால் வகுபடுவதால் எண்ணும் வகுபடும். 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதுதான் காரணம். 700-ஐ 9-ஆல் வகுத்தாலும் 7-ஐ வகுத்தாலும் மீதி ஒன்றே. வகுத்தால் 6,85,871. மறுபடி கூட்டினால் 35. 3-இன் கதை முடிந்தது.

படி 2: 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 7×11×13 = 1001. அதாவது 1000 இந்த மூன்றின் மடங்குக்கு ஒன்றே குறைவு; ஆகவே ஆயிரங்களைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்கலாம். அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கழித்தால் போதும்: 871−685 = 186. இந்த 186-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4, 11-ஆல் 10, 13-ஆல் 4. மூன்றுமே இல்லை.

படி 3: எதுவரை வகுப்பது?

வர்க்கமூலம் வரை. 828² = 6,85,584; 829² நம் எண்ணைத் தாண்டிவிடும். 6,85,871 பகு எண் என்றால் அதன் பகாக் காரணி ஒன்றாவது 828-க்குள் இருந்தே ஆகவேண்டும். ஆனால் 828-க்குள் 144 பகா எண்கள் இருக்கின்றன!

பயப்படாமல் தொடருங்கள். 17, 19, 23, 29, 31, 37, 41, 43 எதுவும் ஒத்துவராது. 47-இல் மாட்டும்: 6,85,871 = 47 × 14,593.

இங்கே பலர் 828 வரை போய்க்கொண்டே இருப்பார்கள். வேண்டாம். இப்போது நம் கையில் இருப்பது 14,593 மட்டும். 121² = 14,641 என்பதால் 120 வரை பார்த்தால் போதும். 7, 11 என்று முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். 6,85,871-ஐ வகுக்காத எண் அதன் காரணியை எப்படி வகுக்கும்? ஆனால் 47-ஐ மட்டும் இன்னொரு முறை பாருங்கள், அது இரண்டு தடவை வரலாம். மீதி 23, வரவில்லை. 47 முதல் 113 வரை மொத்தம் 16 பகா எண்கள்தான். எதுவும் வகுக்காது. ஆக 14,593 பகா எண்.

1,23,45,678 = 2 × 3² × 47 × 14,593

படி 4: இதிலிருந்து கிடைப்பவை

அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 2×3×2×2 = 24. வகுத்திகளின் கூடுதல்: (1+2) × (1+3+9) × (1+47) × (1+14,593) = 2,73,19,968. இதில் எண்ணையே கழித்தால் 1,49,74,290. எண்ணைவிடப் பெரிது, ஆகவே இது மிகை எண். 2 ஒரே ஒரு முறை வருவதால் முழு வர்க்கம் அல்ல.

சரி, இலக்கங்களைத் திருப்பி 8,76,54,321-ஐ முயலலாமா? அதுவும் 9-ஆல் வகுபடும், வகுத்தால் 97,39,369. அதன் பிறகு 1,997-க்கு முன்பு எந்தப் பகா எண்ணும் வகுக்காது: 97,39,369 = 1,997 × 4,877. 1,997 என்பது 302-ஆவது பகா எண். அதற்குக் கணினியைத் திறந்துவிடுங்கள்.