வாக்குத்தத்த அட்டையை வாசிக்கும் முறை

புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த, அந்த வருஷத்துக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு, வேலைக்கோ வீட்டுக்கோ காத்திருப்பவர்கள் நம் சபைகளில் ஏராளம். டிசம்பர் வந்தும் கிடைக்காவிட்டால், "என் விசுவாசம்தான் குறைவு" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். இந்தப் பாரம் தேவையே இல்லை.

முதலில் அட்டையிலுள்ள வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு அங்கே குடியிருந்த யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. விடுதலைக்கு 70 வருஷம் ஆகும் என்று முந்தின வசனமே சொல்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று 28-ஆம் அதிகாரத்தில் சொன்ன தீர்க்கதரிசி அனனியாவைக் கர்த்தர் அனுப்பவே இல்லை. 29-ஆம் அதிகாரத்தின் 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் இன்னும் முக்கியம்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். விடுதலைக்கு முன்பே, அந்நிய மண்ணிலேயே, கர்த்தர் அவர்களை வாழவைக்கிறார்.

பிறகு நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இது யாருக்குச் சொன்னது? எந்த நிலைமையில்? தேவன் எப்படிப்பட்டவர் என்று காட்டுகிறது? முதல் இரண்டும் அவர்களுடையவை. மூன்றாவதை நாமும் தயங்காமல் பற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, அப்போஸ்தலன் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தில் 1:3-14. "கிறிஸ்துவுக்குள்", "அவருக்குள்" என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். தேவனால் தெரிந்தெடுக்கப்பட்டது, பிள்ளைகளாக ஏற்கப்பட்டது, பாவமன்னிப்பு, சுதந்தரம் (பிள்ளைகளுக்குரிய சொத்துரிமை), ஆவியின் முத்திரை என ஆசீர்வாதங்கள் வரிசையாக வரும். இதில் ஒன்றுக்கும் நாம் விலை கொடுக்கவில்லை. எழுதிய பவுலோ காவலில் இருந்தார். 2:8-9 காரணத்தைச் சொல்கிறது: கிருபை தேவனுடைய ஈவு, விசுவாசம் அதை வாங்கும் கை. கை சிறிதாயிருப்பதால் ஈவு குறைந்துவிடாது.

ஜெபிக்கும்போது, கோடிட்டவற்றில் ஒன்றுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அதன்பின் வேலை, சுகம், கடன் எல்லாவற்றையும் தாராளமாகக் கேளுங்கள். பவுலும், தன் சரீரத்தில் முள்ளாகக் குத்திய ஒரு வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9).

பலர் சறுக்குவது பொருத்தனையில். "இதைச் செய்தால் இவ்வளவு காணிக்கை" என்று பேரம் நுழைந்ததும் கிருபை கூலியாகிவிடுகிறது. காணிக்கையை, கேட்டது கிடைக்கும்வரை நிறுத்திவைக்காமல், நன்றி சொன்ன கையோடு எடுத்துவையுங்கள்.