தள்ளினால் வேறு பக்கம் போகும் சில்லு: ஒரு சைக்கிளும் ஒரு துண்டுக் கயிறும் போதும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு மாமரக் கொப்பில் ஒரு நைலோன் கயிறு தொங்குகிறது. ஊஞ்சலுக்கு அல்ல. பம்பரம் ஏன் விழாமல் நிற்கிறது என்று அக்காவின் மகன் கேட்கப்போய், அவனுடைய சைக்கிளின் முன் சில்லைக் கழற்றித் தொங்கவிட்ட கயிறு அது. செலவில்லாத வேலை, அரை மணி நேரம் போதும்.

முன் சில்லையே எடுங்கள். பின் சில்லென்றால் செயினோடு மல்லுக்கட்ட வேண்டும். ரயரைக் கழற்ற வேண்டாம். பாரம் விளிம்பில் இருப்பதுதான் நமக்கு நல்லது. அச்சு இறுக்கமாகச் சுற்றினால் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சாரம் கட்டியிருந்தால் மடித்துக் கட்டுங்கள். நான் மடிக்கவில்லை. முனை கம்பிக்குள் போய்க் கிழிந்ததோடு தப்பினேன்.

முதலில் சுற்றாத சில்லு. அச்சின் இரு முனைகளையும் பிடித்து, சில்லை நெஞ்சுக்கு முன்னால் நிமிர்த்தி வையுங்கள். வலக்கையை உயர்த்தி இடக்கையைத் தாழ்த்தினால் சில்லு இடப்பக்கம் சாயும். இதில் புதினம் ஒன்றுமில்லை.

இப்போது இன்னொருவர் அதை வேகமாகச் சுற்றிவிடட்டும், சைக்கிள் முன்னே ஓடும்போது சுற்றுகிற அதே திசையில். மறுபடியும் வலக்கை மேலே, இடக்கை கீழே. சில்லு சொன்ன பேச்சைக் கேட்காது. சாய்வதை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பும்; இடக்கை நெஞ்சை நோக்கி வரும், வலக்கை வெளியே போகும். "மாமா, இது தன்பாட்டுக்குக் கிறுகுது!" என்று மருமகன் கத்தியேவிட்டான்.

காரணத்தைப் பிடிக்க, சில்லின் விளிம்பில் ஒரே ஒரு இடத்தை, காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடத்தை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் சாய்க்கும்போது உச்சியில் இருக்கும் வால்வை இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். ஆனால் அது அங்கே நிற்பதில்லை, முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய தள்ளலைச் சுமந்துகொண்டே போய், கால் சுற்றுக்குப் பிறகு சில்லின் முன்விளிம்பை அடையும்போதுதான் இடப்பக்கம் நன்றாக விலகியிருக்கும். அடியில் இருந்த துண்டு இதற்கு நேர்மாறாக, பின்விளிம்பில் வலப்பக்கம் விலகியிருக்கும். முன்விளிம்பு இடம், பின்விளிம்பு வலம் என்றால் சில்லு இடப்பக்கம் திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்? பள்ளிக்கூடப் பாசையில், முறுக்கு விசை (நாம் சாய்க்கும் தள்ளல்) கோண உந்தத்தின் (சில்லு சுற்றும் வேகமும் பாரமும் சேர்ந்ததின்) திசையை மாற்றுகிறது என்பார்கள். எனக்கு வால்வுக் கதைதான் பிடிக்கும்.

சரி, கயிற்றுக்கு வருவோம். அச்சின் ஒரு முனையில் மட்டும் கயிற்றைக் கட்டி, கழன்று வராதபடி வெளியே நட்டைப் பூட்டுங்கள். இதைத் தவறவிட்டால் சுற்றுகிற சில்லு காலில் விழும். சுற்றாமல் கைவிட்டால் சில்லு கவிழ்ந்து படுத்தபடி தொங்கும். வேகமாகச் சுற்றி, அச்சைக் கிடையாகப் பிடித்து மெல்லக் கைவிடுங்கள். கவிழாது. ஒரு முனையில் மட்டும் தொங்கியபடி, கயிற்றை நடுவாக வைத்து மெல்ல வலம் வரும். முற்றத்தில் நின்ற அக்கா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது இந்த இடத்தில்தான்.

பாரம் எங்கும் மறையவில்லை. மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மேலே மாட்டிப் பாருங்கள், சில்லு வலம் வரும்போதும் அதே நிறைதான் காட்டும். புவியீர்ப்பு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இழுவைக்குச் சில்லின் பதில் மட்டும் செங்கோணத்தில் வருகிறது.

விளிம்பு 30 சென்ரிமீற்றர் ஆரை, கயிறு நடுவிலிருந்து 6 சென்ரிமீற்றர், சில்லு செக்கனுக்கு 3 சுற்று என்று வைத்தால், ஒருமுறை வலம்வர ஏறத்தாழ 18 செக்கன் வரும். வேகம் பாதியாகும்போது 9 செக்கன். சில்லு களைக்கக் களைக்க வலம் வேகமாகும், அச்சும் தாழும். அப்புறம் கவிழ்ந்துவிடும். பம்பரம் கடைசியில் தள்ளாடுவதும் இதனால்தான்.

இந்த மாதிரிக் கருவிக்கு ஜைரோஸ்கோப் என்று 1852இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் லெயோன் பூக்கோ. பூமியும் இப்படித்தான்: சூரியனும் சந்திரனும் அதன் புடைத்த இடுப்பை இழுப்பதால், அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒருமுறை வலம் வருகிறது. இரவில் கல்லடிக் கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 8 பாகை மேலே, நீட்டிய கையின் பொத்திய முட்டி உயரத்துக்குச் சற்றுக் கீழே, துருவ நட்சத்திரம் நிற்கும். ஏறக்குறைய 12,000 ஆண்டுகள் கழித்து அந்தப் பதவி வேகா நட்சத்திரத்தின் பக்கம் போய்விடும்.

"அப்ப சைக்கிள் விழாமல் ஓடுறதும் இதாலதானா?" என்றான் மருமகன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சில்லின் இந்தக் குணத்தை எதிர்த்திசையில் சுற்றும் கூடுதல் சில்லுகளால் இல்லாமலாக்கிய ஒரு சைக்கிளும் ஆளில்லாமல் தானாக நிமிர்ந்து ஓடியதை 2011இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உதவி உண்டு, முழுக் காரணம் அதுவல்ல.

சில்லைத் திரும்பப் பூட்டும்போது இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். பிறேக் கட்டை விளிம்பில் உரசுகிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டே ஏறுங்கள். மருமகன் பார்க்காமல் ரியூசனுக்குப் போய், பாதி வழியில் தள்ளிக்கொண்டு வந்தான்.