ஒன்ராறியோவில் வாடகை வீடும் மின்கம்பிகளும்: புதிதாக வந்தவர்கள் அறிய வேண்டியவை

ஊரில் மின்சாரம் என்றதும் நாம் பயந்தது அதிர்ச்சிக்கு. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது, மழைக்குள் அறுந்து கிடக்கும் கம்பிக்குக் கிட்டப் போகக்கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அந்தப் பயம் இங்கும் வேண்டியதே. ஆனால் ஒன்ராறியோவுக்கு வந்து ஒரு பழைய வீட்டின் பேஸ்மன்டிலோ அடுக்குமாடியிலோ குடியேறும் ஒருவர் அதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது சூட்டுக்கு. ஊரில் கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பிய சுவருக்குள் ஒரு கம்பி சூடேறினால் பற்றிக்கொள்ள அங்கே பெரிதாக எதுவும் இல்லை. இங்குள்ள பெரும்பாலான தனி வீடுகளின் சுவர்கள் மரச்சட்டங்களால் ஆனவை. மின்கம்பிகள் அந்தச் சட்டங்களைத் துளைத்துக்கொண்டு, ஜிப்சம் பலகைக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்றன.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கனடாவில் சாதாரண பிளக் பொயின்டில் வருவது 120 வோல்ட். வோல்ட் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அதிர்ச்சியைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கலாம், சூட்டைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறு. 1500 வாட் ஹீற்றர் ஒன்று ஊரில் ஏறத்தாழ ஆறரை அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதே 1500 வாட்டுக்கு இங்கே பன்னிரண்டரை அம்பியர் ஓட வேண்டும். தளர்ந்துபோன ஓர் இணைப்பில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அதே வேலைக்கு அதே அளவு தளர்ந்த இணைப்பு இங்கே மூன்றரை மடங்குக்கும் மேலாகச் சூடாகும்.

ஊரில் பழகிய 'ட்ரிப் சுவிட்ச்' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையையும் இங்கே தளர்த்திக்கொள்ள வேண்டும். அங்கே வீடு முழுவதற்குமாக ஒரு ட்ரிப் சுவிட்ச் இருந்து, எங்காவது மின்சாரம் கசிந்தால் வீட்டையே இருளாக்கிவிடும். இங்குள்ள பழைய வீடுகளில் அப்படி ஒன்று பொதுவாக இல்லை. ஈரம் படும் இடங்களான குளியலறை, சமையலறைத் தொட்டியின் அருகு, வெளிப்புறச் சுவர் ஆகியவற்றில் மட்டும் நடுவே இரண்டு சிறு பொத்தான்கள் கொண்ட, மின்சாரம் கசிந்தால் தானாகவே அதை நிறுத்திவிடும் ஜி.எஃப்.சி.ஐ. பொயின்டுகள் இருக்கும், மிகப் பழைய வீடுகளில் அவையும் இல்லாமலிருக்கலாம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்காவிட்டால் அதை மாற்ற வேண்டும். பிரேக்கர் பெட்டியிலுள்ள 15 அம்பியர் பிரேக்கரோ மின்னோட்டம் அளவு மீறும்போதும் குறுஞ்சுற்று ஏற்படும்போதும்தான் விழும். பன்னிரண்டு அம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தளர்ந்த இணைப்பு கரியாகும் வரை சூடேறினாலும், அந்தப் பிரேக்கருக்கு அது தெரியாது. ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

என்னுடைய முதலாவது குளிர்காலத்தை ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்டில் கழித்தேன். படுக்கையறையில் இரவு முழுவதும் ஹீற்றர் ஓடும். அதன் பிளக்கைக் கழற்றும்போது கையில் சூடு தெரியும், பொயின்டின் வெள்ளை மூடி மெல்ல மெல்ல மஞ்சளாகி வந்தது. பழைய வீடு என்று நினைத்து, ஹீற்றரை அடுத்த சுவருக்கு மாற்றினேன். அறைக்குள் மீன் நாற்றம் போன்ற ஒரு வாடை வந்தபோது, மேல் வீட்டுச் சமையல் என்றே எண்ணினேன். சூடேறும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் அப்படித்தான் மணக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு ஒரு மின்னியலாளர் வந்து மூடியைக் கழற்றிக் காட்டியபோது, கம்பியின் உறை ஓர் அங்குலத்துக்கும் மேலாகக் கருகியிருந்தது. அதற்கு நாலு விரற்கடை தள்ளி மரச்சட்டம் நின்றது. அன்று பார்த்ததுதான் இதை எழுதத் தூண்டியது.

அந்த வீட்டில் இருந்தவை அலுமினியக் கம்பிகள். செம்பு விலையேறியதால் 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் பிற்பகுதி வரை கட்டப்பட்ட பல வீடுகளிலும் தொடர்மாடிகளிலும் அலுமினியக் கம்பி போடப்பட்டது. நம்மவர்கள் நிறைய வாழும் ஸ்காபரோவில் அந்தக் காலத்துக் கட்டடங்கள் ஏராளம். அலுமினியக் கம்பி என்பதற்காகவே வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. கம்பி சுவருக்குள் ஓடும் தூரத்தில் தொல்லை இல்லை, தொல்லை அது முடியும் இடத்தில்தான். அலுமினியம் செம்பைவிட மென்மையானது, சூட்டில் கூடுதலாக விரிந்து சுருங்குவது. காற்றுப்பட்டால் அதன் மேல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாத ஒரு படலம் படியும். ஆண்டுகள் போகப் போகத் திருகாணிக்குக் கீழே பிடி தளர்கிறது, தளர்ந்த இடம் சூடேறுகிறது, சூட்டினால் இன்னும் தளர்கிறது. அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறியிடப்பட்ட பொயின்டுகளை மட்டும் பொருத்துவது, அல்லது அங்கீகரிக்கப்பட்ட இணைப்பிகளால் கம்பியின் நுனியில் ஒரு சிறு செம்புத் துண்டைச் சேர்த்து அதைப் பொயின்டில் பூட்டுவது என இதற்குச் சரியான வழிகள் உள்ளன. யாரோ ஒருவர் கடையில் வாங்கிய, செம்புக்கு மட்டுமான புதுப் பொயின்டை அலுமினியக் கம்பியில் பூட்டிவிட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் பொயின்ட், பழையதைவிட ஆபத்தானதாக இருக்கலாம். பேஸ்மன்டில் உட்கூரை மூடப்படாத இடத்தில் கம்பியின் உறை தெரியுமானால், அதில் அலுமினியம் என்றோ அதன் முதலிரண்டு எழுத்துகளோ ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வீடுகளில், பீங்கான் குமிழ்களில் தாங்கி நிற்கும் தனித்தனிக் கம்பிகளைக் காணலாம். அவற்றில் 'ஏர்த்' எனப்படும் நிலக்கம்பி இல்லை, உறையும் முதுமையில் உதிரும். காப்புறுதி நிறுவனங்கள் பல அத்தகைய வீட்டை ஏற்கத் தயங்குகின்றன. நிலக்கம்பி இல்லாத பொயின்டில் இரண்டு துளைகளே இருக்கும். மூன்று கால் பிளக்கின் மூன்றாவது காலை வெட்டி அதில் செருகுவதை நம் வீடுகள் சிலவற்றில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தக் கால்தான் பழுதடைந்த இயந்திரத்தின் உலோக உடலுக்கும் உங்கள் உடலுக்கும் நடுவே நிற்கும் காவல்.

இனி, எந்த அறிகுறிக்கு எவ்வளவு அவசரம் என்பது. பொயின்டின் மூடி சூடாக இருப்பது, பழுப்புக் கறை, இரைச்சல், பிளக்கைச் செருகினால் பிடிமானமின்றிச் சரிவது, அடுப்பையோ தண்ணீர்க் குழாயையோ தொட்டால் கூச்சம் எடுப்பது ஆகியவை அன்றன்றே கவனிக்க வேண்டியவை. அந்தப் பொயின்டைப் பாவிப்பதை நிறுத்தி, அதற்குரிய பிரேக்கரை அணைத்துவிடுங்கள். பிரேக்கர் ஒருமுறை விழுந்தால், பொருள்களைக் கழற்றிவிட்டு ஒருமுறை மேலே போட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். விளக்குகள் சில மங்கும்போது வேறு சில வழக்கத்துக்கு மீறிப் பிரகாசித்தால், வீட்டுக்குள் வரும் பிரதான இணைப்பின் நடுநிலைக் கம்பி (நியூட்ரல்) விடுபட்டிருக்கக்கூடும். அது மிகவும் பாரதூரமானது. பிரதான பிரேக்கரை அணைத்துவிட்டு மின்விநியோக நிறுவனத்தை உடனே அழைக்க வேண்டும். பிரேக்கர் பெட்டி நனைந்திருந்தாலோ, அதிலிருந்து இரைச்சலோ புகையோ வந்தாலோ அதைத் தொடவே வேண்டாம். புகையோ நெருப்போ கண்டால் தண்ணீர் ஊற்றாமல், பொருள் எதையும் எடுக்க நிற்காமல், எல்லோரையும் வெளியேற்றிவிட்டு வெளியிலிருந்து 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் 'தமிழ்' என்ற ஒரு சொல்லையும் முகவரியையும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். குடிபுகும் முதல் நாளிலேயே பிரேக்கர் பெட்டி எங்கே இருக்கிறது, அந்த அறைக்கு உங்களுக்குத் திறப்பு உண்டா என்று கேட்டு வையுங்கள். புகை அறிவிப்பான் ஒவ்வொரு தளத்திலும் படுக்கையறைகளுக்கு வெளியிலும் இருக்க வேண்டும் என்பது மாகாணத்தின் சட்டம். தாளிக்கும்போது அலறுகிறது என்று அதன் பற்றரியைக் கழற்றி வைப்பது சட்டப்படி குற்றம்; அதைவிட, குழந்தைகள் உறங்கும் வீட்டில் அது செய்யவே கூடாத காரியம்.

குளிர்காலத்தில் ஹீற்றரை எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டாதீர்கள். 15 அம்பியர் சுற்று ஒன்று தாங்கக்கூடியது மொத்தமே 1800 வாட் என்பதால், ஹீற்றர் ஓடும் சுற்றில் கேத்தலோ றைஸ் குக்கரோ சேர்ந்தால் அளவு மீறிவிடும். பியூஸ் பெட்டி உள்ள பழைய வீடுகளில், அடிக்கடி எரிகிறது என்று 15 அம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 30 அம்பியர் பியூஸைத் திருகி வைத்திருப்பார்கள். அதன் பிறகு பியூஸ் எரியாது, கம்பிதான் எரியும். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியையும் கிரைண்டரையும் பிளக்கை மட்டும் மாற்றி ஓட்டுவதைவிட, கனடாவின் பாதுகாப்பு முத்திரை உள்ள 120 வோல்ட் பொருளை இங்கேயே வாங்குவது நல்லது. நம் கடைகளில் இப்போது எல்லாம் கிடைக்கின்றன.

திருத்துவது யார் என்பதில் ஒன்ராறியோவின் சட்டம் தெளிவானது. கூலிக்கு மின்வேலை செய்ய உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே அனுமதி உண்டு. அவருடைய உரிம இலக்கம் ஏழு இலக்கங்கள் கொண்டது. வாகனத்திலும் விலைச்சீட்டிலும் அது எழுதப்பட்டிருக்கும். மாகாணத்தில் இதைக் கண்காணிப்பது மின்பாதுகாப்பு அதிகாரசபை. அதை எல்லோரும் ஈ.எஸ்.ஏ. என்றே சொல்வார்கள். தொலைபேசி இலக்கம் 1-877-372-7233. உரிமம் உண்மையானதா என்று அவர்களிடம் சரிபார்க்கலாம். பெரும்பாலான மின்வேலைகளுக்கு அவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வேலைக்குப் பிறகு அவர்கள் தரும் சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். தெரிந்த அண்ணா ஒருவர் எல்லா வேலையும் செய்வார், காசாகக் கொடுத்தால் மலிவு என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லலாம். அந்த அண்ணா நல்லவராகவும் கைகாரராகவும் இருக்கலாம். ஆயினும் உரிமமில்லாத வேலையால் தீப்பிடித்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. வாடகையில் இருப்பவர் தானே மூடியைக் கழற்றித் திருத்த முயல்வதும் கூடாது.

நம்மவர்களுக்கு இதில் கடினமான பகுதி கம்பியைப் பற்றியது அன்று, கேட்பதைப் பற்றியது. வீடு கொடுத்தவர் உறவினராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். வந்த புதிதில் தங்க இடம் தந்தவரிடம் குறை சொல்வதா என்று மனம் கூசும். அந்தக் கூச்சத்தை நான் நன்றாக அறிவேன். மரியாதையோடு கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள். எந்த அறையில், எந்தப் பொயின்டில், எந்தத் தேதியிலிருந்து, என்ன காண்கிறீர்கள் என்பதைப் படத்தோடு குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பி, உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு பார்க்கும்படி கேட்டால் போதும். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் பேணுவது சொந்தக்காரரின் கடமை. குறை இருப்பது தெரிந்தே நீங்கள் குடிவந்திருந்தாலும் அந்தக் கடமை மாறாது. உங்கள் குடிவரவு நிலை என்னவென்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரும் கேட்கலாம்.

பதில் வராவிட்டால், ரொறன்ரோவில் 311ஐ அழைத்து நகரசபையின் ஆய்வாளரை வரச் சொல்லலாம். வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மாகாண வாடகைச் சபையில் பராமரிப்புக் குறைக்கான ரி6 படிவத்தையும் தாக்கல் செய்யலாம், அதற்கு ஓராண்டுக் கால எல்லை உண்டு. கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் வீட்டை விட்டு எழுப்பும் வழக்குக்கு அது வழி திறந்துவிடும். இரண்டு விடயங்களைக் கவனத்தில் கொள்ளுங்கள். சொந்தக்காரரும் அதே வீட்டில் வாழ்ந்து, சமையலறையையோ குளியலறையையோ நீங்கள் அவரோடோ அவருடைய குடும்பத்தாரோடோ பகிர வேண்டியிருந்தால், இந்த வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. தீப்பாதுகாப்பு விதிகள் அப்போதும் பொருந்தும். அடுத்தது, அனுமதியின்றிக் கட்டிய பேஸ்மன்டாக இருந்தால் ஆய்வுக்குப் பிறகு அதை மூடச் சொல்லவும் கூடும். ஆகவே முறையிடுவதற்கு முன் ஒரு சமூகச் சட்ட உதவி நிலையத்தில் பேசிவிடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அது இலவசம். உங்கள் பகுதிக்குரியது எது என்று 211 இலக்கத்தில் கேட்டறியலாம்.

திருத்தம் முடிந்த அன்று மாலை, வழக்கம்போல் ஹீற்றரை ஒரு மணிநேரம் ஓடவிட்டு, புறங்கையைப் பொயின்டின் மூடியில் வைத்துப் பாருங்கள். மூடி சுவரைப் போலவே குளிர்ந்திருக்க வேண்டும். சூடு தெரிந்தால், வேலை செய்தவரை மறுநாளே திரும்ப அழையுங்கள்.