மழை நாள்ல வீட்டோட விளையாட ஒரு போர்ட் கேம் தெரிவு செய்றது எப்படி

டிசம்பர் லீவுல ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் சாயந்தரமே பனி எறங்கிரும், வெளிய கிரிக்கெட் அடிக்க ஏலாது, கரண்டும் எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, புள்ளைங்க ஆளுக்கொரு போனோட மூலைக்கு மூலை ஒதுங்கிருவாங்க. கொழும்புல இருந்து லீவுக்கு வர்ற அண்ணன், அக்கா கிட்ட ஒரு கேம் வாங்கிட்டு வர சொல்லலாம்னு நெனச்சாலும், எத சொல்றதுனு தெரியாம கடைசில திரும்பவும் லூடோவும் பாம்பும் ஏணியும்தான் வந்து சேரும். அது ரெண்டும் தாயக்கட்டை விழுற விதியில ஓடுற ஆட்டம், கொஞ்சம் மூளைக்கு வேலை இருக்குற கேம் வேணும்னா வாங்குறதுக்கு முந்தி ஒங்க வீட்டுக்குள்ள நாலு விஷயம் பாக்கணும்.

மொதல்ல ஆளுங்கள எண்ணுங்க. இப்ப பேர் போன கேம் நெறய 4 பேரோட நின்னுரும். கட்டான்ல 3 பேரோ 4 பேரோ, அசூல்ல 2ல இருந்து 4 பேர், டிக்கெட் டு ரைடும், அட்டைத் துண்டுங்கள அடுக்கி ஊரும் பாதையும் கட்டுற கார்கசோனும்தான் 5 வரைக்கும் போகும். நம்ம வீடுகள்ல அப்பாயி, தாத்தா, சித்தப்பா புள்ளைங்கனு சேந்தா 7 பேருக்கு கொறையாது. அதுக்காக 8 பேர் விளையாடுற கேம் தேடி அலைய வேணாம், ஒரு பெரியவங்களுக்கு ஒரு புள்ளைனு ஜோடி போட்டு விடுங்க, கார்ட்ல இங்கிலீஷ்ல இருக்குறத புள்ள வாசிக்கும், எத விடணும் எத வச்சிக்கணும்னு அப்பாயி சொல்லுவாங்க, ரெண்டு பேரும் குசுகுசுனு பேசிக்கிறது கேமை விட நல்லா இருக்கும்.

அடுத்தது, பாதியில ஆள வெளிய அனுப்புற கேமா இல்லையானு பாக்கணும். இதத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்பும் உள்ள வீட்டுல ஒம்பது வயசு புள்ள அரை மணித்தியாலத்துல அவுட் ஆனா அது எங்க போகும், நம்ம தலைக்கு மேலயே நின்னு மத்தவங்க கார்ட்ட பாத்து சொல்லிக் குடுத்து கடைசில சண்டைதான். மொனோபொலில இந்த பிரச்சினை பெருசு. அதுல புள்ளைங்களோட குத்தம் ஒண்ணும் இல்ல, அந்த கேமோட ஆதி கதையே அப்படி. எலிசபெத் மேகி 1904ல அமெரிக்காவுல பேட்டன்ட் எடுத்த ஒரு ஆட்டத்துல இருந்துதான் அது வந்துச்சு, நெலம் வச்சிருக்கவன் கிட்ட வாடகை கட்டிக் கட்டி மத்தவன் எப்படி போண்டியாகுறான்னு காட்டத்தான் அந்தம்மா அத செஞ்சாங்க. தோட்டத்துல பொறந்தவங்களுக்கு அத கேம் போட்டு வெளங்கப்படுத்த தேவை இல்ல.

அசூல், டிக்கெட் டு ரைட், கார்கசோன், கட்டான், குவர்க்கிள் இதுல எதுலயும் யாரும் நடுவுல வெளிய போக மாட்டாங்க, கடைசி வரைக்கும் எல்லாரும் ஒக்காந்திருப்பாங்க.

மூணாவது, மொழி. இங்க ஒண்ணு சொல்லணும், பெருசுங்களுக்கு வெளங்காதுனு சொல்லி சின்னப்புள்ள கேமை நீட்டாதீங்க. கார்ட்ல முந்நூத்தி நாலுங்கற ஆட்டம் விளையாடுற தாத்தாவ கவனிச்சிருக்கீங்களா? ஜேக்குக்கு 30, ஒம்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2னு ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கும் சேத்து 304, எந்த ஜேக் எறங்கிருச்சு யார் கைல துரும்பு மிச்சம்னு எல்லாத்தையும் மனசுலயே வச்சிருப்பாரு. அவருக்கு எந்த கேமும் கஷ்டம் இல்ல, கார்ட்ல இருக்குற இங்கிலீஷ்தான் கஷ்டம். அதுனால கார்ட்ல வசனம் இல்லாத கேமா பாருங்க. அசூல், குவர்க்கிள், ப்ளோக்கஸ் மூணுலயும் கலரும் வடிவமும்தான், வாசிக்க ஒண்ணும் இல்ல. டிக்கெட் டு ரைட்ல ஊர் பேர் மட்டும் இருக்கும்.

ரூல் புக் எப்படியும் இங்கிலீஷ்லதான் வரும். அத விளையாட ஒக்காந்த நேரத்துல பிரிச்சு வாசிக்க ஆரம்பிச்சா சாயத்தண்ணி ஆறுறதுக்குள்ள பாதி பேர் எழும்பிருவாங்க. முந்தின நாளே ஒரு ஆள் வாசிச்சு, யூடியூப்ல ஒரு வீடியோவும் பாத்துட்டு, நம்ம ஊர் கதையா சொல்லணும். டிக்கெட் டு ரைட்ட எடுத்துக்கோங்க, அலன் மூன் செஞ்ச கேம், 2004ல வந்துச்சு, மேப் அமெரிக்கா மேப்தான், ஆனா வெளங்கப்படுத்தும்போது நம்ம பாதைய சொல்லுங்க: ஒங்க கைல ஹட்டன்ல இருந்து பதுளைக்கு ஒரு டிக்கெட் இருக்கு, நடுவுல நானுஓயா, பண்டாரவளைனு ஒவ்வொரு துண்டா கலர் கார்ட் சேத்து பிடிக்கணும், ஆளுக்கு 45 ரயில் பெட்டி, ஒங்க மொற வந்தா கார்ட் எடுக்கலாம், இல்ல ஒரு துண்டு பாதைய பிடிக்கலாம், இல்ல புது டிக்கெட் எடுக்கலாம், ஒண்ணுதான். எல்ல பக்கம் யாராவது முந்திட்டா சுத்திதான் போகணும், போய் சேராட்டி அந்த டிக்கெட்டோட புள்ளி கழிஞ்சிரும். (நம்மகிட்ட சுத்திப் போக வேற லைனே இல்லங்கறது வேற கதை.) இப்படி சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஆட்டம் தொடங்கிரும்.

நாலாவது, நம்ம ஈரம். இத எந்த ரிவ்யூலயும் சொல்ல மாட்டாங்க. தென்மேல் பருவ மழை மே, ஜூன்ல தொடங்குனா சுவரோட சாத்தி வச்ச பெட்டி பூசணம் பிடிக்கும், கார்ட் ஊதி ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், கட்டானோட அட்டைத் துண்டுங்க வளைஞ்சு மேடும் பள்ளமுமா நிக்கும். அதுனால நான் சொல்றது, மொத கேம் வாங்குறவங்க அட்டை கொறஞ்ச, துண்டு கூடின கேமா எடுங்க. அசூல்ல 100 கெட்டி டைல் வருது, குவர்க்கிள்ல 108 மரத்துண்டு, ப்ளோக்கஸ்ல ஆளுக்கு 21 பிளாஸ்டிக் துண்டு, போர்ட்லயும் பள்ளம் இருக்கறதால பாயில வச்சு விளையாடினாலும் சறுக்காது. அட்டை கேம் இருந்தா பிஸ்கட் டின்ல போட்டு, சப்பாத்து பெட்டில வர்ற சிலிக்கா பாக்கெட்டையும் உள்ள போட்டு, சுவர்ல இருந்து தள்ளி உசரத்துல வைங்க. சின்னப் புள்ளைங்க இருந்தா அந்த பாக்கெட் அவங்க கைக்கு எட்டாம பாத்துக்கோங்க.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்க காசு இருக்குனா என்னோட ஓட்டு அசூலுக்கு. 2018ல ஜெர்மனில அந்த வருஷத்தோட சிறந்த கேம்ங்கற பரிசு எடுத்தது. 4 பேர் விளையாடினா சுத்தி வர 9 வட்டம், ஒவ்வொண்ணுலயும் 4 டைல். ஒரு வட்டத்துல ஒரே கலர்ல இருக்குற எல்லாத்தையும் எடுக்கணும், மிச்சம் நடுவுக்கு போகும், எடுத்தத ஒங்க பலகைல ஒரு வரிசைல நெரப்பணும், எடம் பத்தாம மிஞ்சுனா மைனஸ். கேக்க சின்னப்புள்ள விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா நடுவுல நீலம் ஆறு சேந்து கெடக்கும்போது, ஒங்களுக்கு வேண்டிய செவப்ப இப்ப எடுக்குறதா, இல்ல செவப்ப விட்டுட்டு அடுத்து வர்ற மச்சான் அந்த ஆறு நீலத்தையும் எடுத்தே ஆகணும்ங்கற நெலைக்கு தள்ளுறதானு வரும், அப்ப பாருங்க சத்தமே இருக்காது. அரை மணித்தியாலம், மிஞ்சிப் போனா முக்கால்.

கட்டான் எல்லாரும் சொல்ற கேம், 1995ல கிளாவுஸ் டொய்பர் செஞ்சது, மரம் குடுத்து கல்லு வாங்கி பேரம் பேசி 10 புள்ளி சேக்கணும், அடுத்தவங்க தாயம் உருட்டும்போதும் நமக்கு பொருள் கெடைக்கறதால காத்துக் கெடக்குற அலுப்பு இல்ல. ஆனா ஒரு மணித்தியாலத்துக்கு மேல இழுக்கும், பத்து வயசுக்கு கீழ வேணாம், தொடர்ந்து நம்பர் விழாத ஆளுக்கு கோபம் வரும். அண்ணன் தங்கச்சி எதுக்கெடுத்தாலும் அடிச்சிக்கிற வீடா இருந்தா ஃபோபிடன் ஐலண்ட் பாருங்க, எல்லாரும் ஒரே பக்கம், முழுகுற தீவுல இருந்து 4 பொக்கிஷத்த எடுத்துட்டு தப்பிக்கணும், ஜெயிச்சாலும் தோத்தாலும் சேந்துதான். எல்லாருக்கும் ஓடர் போடுற மாமா ஒருத்தர் இருந்தா மட்டும் அவர கொஞ்சம் அடக்கி வைக்கணும்.

வாங்குறதுக்கு முந்தி போர்ட் கேம் அரீனா சைட்ல கார்கசோன் மாதிரி கேமை போன்லயே விளையாடிப் பாக்கலாம், போர்ட் கேம் கீக் சைட்ல எவ்வளவு சிக்கல்னு 5க்கு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, மொத கேமுக்கு 2க்கு கீழ இருந்தா நல்லது. காசே இல்லனாலும் பரவாயில்ல, இஸ்தோப்புல சுண்ணாம்புக் கட்டியால கோடு போட்டு 3 புலி, 15 ஆடு வச்சு ஆடுபுலி ஆடலாம், பல்லாங்குழி ஆடலாம், ஆனா கைக்குழந்தை இருக்குற வீட்டுல குன்றிமணி வேணாம், அது நஞ்சு, புளியங்கொட்டை போதும். இது ரெண்டும் ரெண்டு பேர் ஆடுறது, மத்தவங்க சுத்தி நின்னு ஐடியா குடுக்க வேண்டியதுதான்.

விடிய முந்தி எழும்பி வேலைக்கு போறவங்க இருக்குற வீட்டுல போயாவுக்கு முந்தின நாள், இல்ல சனிக்கிழம ராத்திரி வைங்க. மொத ஆட்டத்துல கார்ட்ட மறைக்காம விரிச்சு வச்சே ஆடுங்க, புள்ளி எழுத வேணாம். முடிஞ்சதும் துண்டுங்கள எண்ணி பெட்டில போடுற வேலைய ஜெயிச்சவங்ககிட்ட குடுங்க, தோத்த புள்ள கடுப்புல இருக்கும், அதுகிட்ட குடுத்தா நாலு டைல் கட்டிலுக்கு அடியில போயிரும்.