இன்ஜின் வேலை முடிந்தும் லாரி இழுக்கவில்லையா? ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சென்னையின் மாதவரத்திலோ மணலியிலோ ஒரு பட்டறையில் இன்ஜினை இறக்கி, ஸ்லீவ், பிஸ்டன், ரிங், பேரிங் அனைத்தையும் மாற்றி, லேத்துக்கும் டீசல் பம்ப் கடைக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி வண்டியை எடுத்த பிறகு, முதல் லோடுடன் மேம்பாலம் ஏறும்போதே இரண்டு கியர் இறக்க வேண்டியிருந்தால், பட்டறையில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "புது போர், டைட்டாக இருக்கிறது, கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்." இதில் ஓரளவு உண்மை உண்டு. புதிய ரிங்குகள் ஸ்லீவில் (பிஸ்டன் ஓடும் உருளையில்) படிந்து உட்காரச் சில நூறு கிலோமீட்டர்கள் ஆகும். ஆனால் அதனால் உண்டாகும் குறை, ஓட்டுநர் கூர்ந்து கவனித்தால் மட்டுமே தெரியும் அளவுக்குச் சிறியது. முன்பு நான்காம் கியரில் ஏறிய பாலத்தில் இப்போது இரண்டாம் கியரில் ஊர்ந்தால், அது ஓடிச் சரியாகும் குறை அல்ல.

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் இழுவை இழந்தால் தேய்ந்தது எது என்று தேடுவோம். வேலை முடிந்து வந்த இன்ஜினில் அந்தக் கேள்வி உதவாது. கழற்றியபோதும் மாட்டியபோதும் எங்கெல்லாம் கை பட்டது என்றே கேட்க வேண்டும். அப்படிக் கை பட்ட இடங்களில் பெரும்பாலானவை இன்ஜினுக்கு வெளியே, ஸ்பானருக்கு எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) மீண்டும் கழற்றும் யோசனையை யார் முன்வைத்தாலும் அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மீண்டும் திறந்தால் கேஸ்கட் செலவும் இரண்டு நாள் வாடகை நட்டமும் உறுதி; பழுது கிடைப்பது உறுதியில்லை.

முதலில் குறை இன்ஜினில்தானா என்று பார்க்க வேண்டும். மூன்று வாரம் பட்டறையில், அதுவும் எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து உப்புக் காற்றில் நின்ற வண்டியின் பிரேக் பிடித்துக்கொள்வது புதிதல்ல. பத்துக் கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் ஒப்பிட்டால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சுடுவது உடனே தெரிந்துவிடும். கையை நேராக வைக்காமல் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். கிளட்ச் நழுவுவதையும் இழுவைக் குறை என்று தவறாக எண்ணுவோர் உண்டு. மேல் கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால், குற்றவாளி கிளட்ச். இன்ஜினை இறக்கும்போது கிளட்சும் கழற்றப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, ஒரே சாலையில் ஒரே லோடுடன் சோதிக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சென்னை சமதளமான ஊர் என்பதால் இங்கே மேம்பாலங்களே நமக்கு மலை. பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை 32 கி.மீ. நீளும் புறவழிச்சாலையில் ஏதாவது ஒரு பாலத்தைத் தேர்ந்தெடுத்து, அடிவாரத்தில் எந்த வேகம், எந்த கியர், உச்சியில் எந்த ஆர்பிஎம் என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதே பாலத்தில் அதே முறையில் ஏறினால், "கொஞ்சம் தேவலாம் போல இருக்கிறது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. முடிந்தால் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மே மாத நண்பகலின் சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால், அதிகாலையில் ஏறியதையும் பகலில் ஏறியதையும் ஒப்பிடுவது சரியான கணக்காகாது.

புகையைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுத்தல்

பழைய வகை இன்ஜினில், லோடுடன் முழு மிதியில் ஏறும்போது சைலன்சரிலிருந்து வரும் புகையைப் பின்னால் வரும் ஒருவர் பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் போதிய அளவு போகவில்லை. கரும்புகை அடைத்துக்கொண்டு வந்தால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. வெண்புகை பெரும்பாலும் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பின்தங்கியதையோ கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) குறைவையோ காட்டும். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்பதையும் அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவது. அது வேறு கவலை.

புகையில்லாமல் இழுவை இல்லாத வண்டியில் முதலில் செய்ய வேண்டியது, செலவே இல்லாத ஒரு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு, கேபினில் ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்க, கீழே நிற்பவர் பம்ப் லீவர் அதன் கடைசி ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளோ ராடோ ஒரு துளை மாறி மாட்டப்பட்டிருந்தால், மிதி தரையைத் தொட்டும் பம்ப் முக்கால் பங்குதான் திறக்கும். இன்ஜினை அணைக்கும் லீவரும் அப்படியே: அது ஓடும் நிலைக்கு முழுவதும் திரும்பாமல் நின்றால் டீசலை எப்போதும் சிறிது வெட்டிக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் முழுவதும் மிதித்தால் எட்ட வேண்டிய உச்ச ஆர்பிஎம்மை வண்டி எட்டுகிறதா என்பது ஆக்சிலரேட்டர் இணைப்புக்கு நல்ல சாட்சி.

அது சரியாக இருந்தால் டாங்கிலிருந்து பம்ப் வரையுள்ள பாதையைச் சந்தேகிக்க வேண்டும். சுத்தமான கேனில் டீசல் எடுத்து, இன்ஜினைவிட உயரத்தில் உறுதியாகக் கட்டி, டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்புக்கு நேரடியாக ஒரு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். இழுவை வந்துவிட்டால் டாங்க் சல்லடை, டாங்க் மூடியின் காற்றுத் துளை, பழைய சக்ஷன் பைப் ஆகியவற்றில்தான் கோளாறு. வாரக்கணக்கில் நின்ற டாங்கில் நீரும் கசடும் அடியில் சேர்ந்திருக்கும். வராவிட்டால், ஃபீட் பம்ப்புக்கு முன் ஓர் அடி நீளக் கண்ணாடி ஹோஸை இடையில் மாட்டிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் பக்கத்தில் பழைய காப்பர் வாஷரையே மீண்டும் போட்ட ஒரு போல்ட், வெளியே சொட்டு டீசல்கூடக் கசியாமல் உள்ளே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

பம்ப்பின் ரிட்டர்ன் வாயிலில் இருப்பது சாதாரண போல்ட் அல்ல. உள்ளே ஸ்பிரிங் கொண்ட ஓவர்ஃப்ளோ வால்வு. அது தொலைந்து, அளவு பொருந்தும் வேறொரு போல்ட் மாட்டப்பட்டால் பம்ப்புக்குள் அழுத்தம் நிற்காது. வண்டி காலியாக நன்றாக ஓடும், லோடு ஏறியதும் மூச்சு வாங்கும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ள இன்ஜினில், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டிலிருந்து பம்ப்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் மெல்லிய பூஸ்ட் பைப்பும் இதே வகைதான். டர்போ காற்று கொடுக்கிறது என்ற செய்தி அந்தப் பைப் வழியாகத்தான் பம்ப்புக்குப் போகிறது. அது மாட்டப்படாமலோ, அதன் போல்ட் துளையில் கேஸ்கட் பசை அடைத்தோ இருந்தால், டர்போ நன்றாக வேலை செய்தும் பம்ப் கூடுதல் டீசலைத் தராது. இதைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினால், அங்கே எல்லாம் சரியாகவே காட்டும்.

கரும்புகை வந்தால்

காற்று ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். டிசம்பரில் தேங்கிய நீரில் ஓடிய வண்டியின் பேப்பர் ஃபில்டர் ஒருமுறை ஊறிவிட்டால், காய்ந்த பிறகும் நம்பத் தகுந்ததல்ல. பிறகு டர்போவிலிருந்து, அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்டு வரையுள்ள ஹோஸ்களையும் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாமே இறுக்கமாகத்தான் தெரியும். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ரெகுலேட்டர் வழியாக 1 பார் அளவுக்கு மெல்லக் காற்றேற்றிச் சோப்பு நுரை தடவினால், வெடிப்பு எங்கே என்பதை நுரையே காட்டிக்கொடுக்கும். ஹோஸ்களைக் கழற்றும்போதே உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தூசி விழாமலிருக்க டர்போ வாயில் திணித்த பனியன் வேஸ்ட்டை எடுக்க மறப்பது, எந்தப் பட்டறையும் ஒப்புக்கொள்ளாத, ஆனால் நடக்கிற தவறு.

டர்போ அழுத்தத்தை அளக்க, மேனிஃபோல்டில் ஒரு டி-இணைப்பு போட்டு நீண்ட ஹோஸில் கேஜைக் கேபினுக்குக் கொண்டுவர வேண்டும். நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்ப்பதில் பயனில்லை; லோடுடன் ஏறும்போதுதான் உண்மையான அளவு தெரியும். அந்த அளவைப் பொதுவான எண்ணோடு ஒப்பிடாமல் உங்கள் இன்ஜினின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பழைய இன்ஜின் வால்வு உடைந்தோ பிஸ்டன் நொறுங்கியோ நின்றிருந்தால், அந்தத் துண்டுகள் எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்பைன் இறக்கைகளைக் கடித்திருக்கும். உதிரிப்பாகச் சந்தையான புதுப்பேட்டையில் மாற்று டர்போ வாங்கினால், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது போதாது. தகட்டிலுள்ள எண் பொருந்த வேண்டும்.

நான் கவனித்துவந்த ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி, வேலை முடிந்து வந்ததிலிருந்து குறைந்த ஆர்பிஎம்மில் நன்றாக இழுத்து, 1500-ஐத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் அடங்கியது. டர்போ மாற்றினோம், டீசலைப் பீய்ச்சும் நாசில் மாற்றினோம், குறை அப்படியே இருந்தது. கடைசியில் டர்போவுக்குப் பின்னுள்ள பைப் இணைப்பைத் தளர்த்தி, அதிரும் சத்தத்தோடு சிறிது தூரம் ஓட்டியபோது வண்டி பறந்தது. புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் உள்தகடு பாதி மூடிய நிலையில் இருந்தது. மீண்டும் மாட்டியபோது வெளி லீவரை அதன் தண்டில் சற்றுத் திருப்பி இறுக்கியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் லீவர் முழுவதும் திறந்த நிலையில்தான் தெரிந்தது. அன்று வீணான பணத்தில் இரண்டு டயர் வாங்கியிருக்கலாம்.

டைமிங்கும் டேப்பெட்டும்

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமம், வெண்புகை, சோர்ந்த ஓட்டம் ஆகியவை சேர்ந்து வந்தால் பம்ப் டைமிங் பின்தங்கியிருக்கலாம். கடுமையான தட்டல் ஒலி வந்தால் முன்தள்ளியிருக்கலாம். சிலிண்டருக்கு ஒன்றாக உறுப்புகள் வரிசையில் உள்ள வரிசைப் பம்ப்பில் முதல் டெலிவரி வால்வை எடுத்து, வளைந்த குழாயைப் பொருத்தி, இன்ஜினை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றி, டீசல் ஒழுக்கு நின்று சொட்டாக மாறும் இடத்தைப் ஃப்ளைவீல் குறியோடு ஒப்பிடுவதே நம்பகமான முறை. குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பி நிறுத்தக் கூடாது. கியர் பற்களின் தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், நன்றாகப் பின்னால் போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். பம்ப் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், பம்ப் கப்ளிங்கில் 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் அது 2 டிகிரி.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் கியர் ஒரு பல் மாறியிருக்கிறதா என்ற ஐயத்தை முன் கவரைத் திறக்காமலே தீர்க்கலாம். ஆறு சிலிண்டர் இன்ஜினில் முதல் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்தால், ஆறாம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிக்கும் தறுவாயிலும் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கும் நிலையிலும் இருக்க வேண்டும். அந்த மாற்றம் குறிக்கு வெகுதூரம் முன்னோ பின்னோ நடந்தால் கியர் குறி தவறியிருக்கிறது. கிராங்க் கியரில் 36 பற்கள் என்றால் ஒரு பல் 10 டிகிரி. அந்த அளவு மாறினால் எந்த இன்ஜினும் இழுக்காது. வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலான டேப்பெட் இடைவெளியில் நடக்கும் எளிய பிழை, இன்லெட் அளவை எக்ஸாஸ்ட்டுக்கும் எக்ஸாஸ்ட் அளவை இன்லெட்டுக்கும் வைத்துவிடுவது. கம்மின்ஸ் 6பிடி இன்ஜினில் ஆறிய நிலையில் இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ.; மாற்றி வைத்தால் என்னவாகும் என்பது புரியும்.

நாசிலைக் கழற்றும்போது அதன் கீழே காப்பர் வாஷர் ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். பழையது ஹெட்டிலேயே ஒட்டியிருக்க மேலே புதியதையும் போட்டால், நாசில் முனை உயர்ந்து, டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. முன்பே இன்ஜினைச் சூடாக்கியிருந்தால், நாசில் கழன்றிருக்கும்போதே கம்ப்ரஷன் சோதனையையும் முடித்துவிடலாம். எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில் குறைந்தால் கேம் டைமிங்கையோ, பிஸ்டன் உயரத்துக்குப் பொருந்தாத தடித்த ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்தால் இடையிலுள்ள கேஸ்கட்டை. ஒன்று மட்டும் குறைந்தால் அதன் வால்வையோ ரிங்கையோ. ஹெட்டைத் திறக்க நியாயமான காரணம் இங்கேதான் கிடைக்கிறது.

துறைமுக வேலை செய்யும் கண்டெய்னர் வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புதிய ரிங்குகள் படிய மிதமான லோடு தேவை. வேலை முடிந்த மறுநாளே எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் மணிக்கணக்காக ஐட்லிங்கில் நிறுத்தினால், ஸ்லீவின் உட்புறத்தில் போட்ட ஹோனிங் கீறல்கள் மழுங்கிக் கண்ணாடிபோல் ஆகி, ரிங் கடைசி வரை படியாமலே போகக்கூடும். பிரீதரில் (இன்ஜினின் காற்றுப்போக்குக் குழாயில்) புகை தொடர்ந்து அடித்து, ஆயிலும் குறைந்துவந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

காமன் ரெயில் வண்டிகளில்

காமன் ரெயில் என்பது ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும், கணினி கட்டுப்படுத்தும் முறை. மேலே சொன்ன டீசல் பாதை, காற்று, எக்ஸாஸ்ட் சோதனைகள் இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பாகத் தளர்த்திச் சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் பழைய முறையை இங்கே ஒருபோதும் செய்யக் கூடாது. ரெயிலில் 1000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஸ்கேனர் போட்டு, பிழைக் குறியீடுகளையும், லோடில் கேட்கும் ரெயில் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பாருங்கள். பல தயாரிப்புகளில் இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை அந்தந்தச் சிலிண்டருக்கு இசியூவில் (இன்ஜின் கணினியில்) பதிய வேண்டும். இடம் மாற்றி மாட்டியிருந்தாலும் மீண்டும் பதிய வேண்டும். 2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில், புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல் தரமின்றி இருந்தாலோ அதன் சென்சார் இணைக்கப்படாமல் இருந்தாலோ, இன்ஜினில் குறை எதுவும் இல்லாமலே இசியூ இழுவையைக் குறைத்துவிடும். டேஷ்போர்டு விளக்கைப் பார்த்தாலே அது தெரியும்.

பழுது நீங்கியதும் அதே பாலத்தில், அதே லோடுடன், அதே வேகத்தில் ஏறி, உச்சியில் வந்த ஆர்பிஎம்மைப் பழைய குறிப்பின் கீழே தேதியுடன் எழுதிவையுங்கள். கையேடு சொல்லும் கிலோமீட்டரில் டேப்பெட்டை மீண்டும் சரிபார்க்கும்போது அந்தத் தாள் தேவைப்படும்.