முதலில் கிணற்றைப் பாருங்கள்: உப்புவெளி விடுதிக்காரன் சொல்லும் செய்முறை

சுவிஸில், வலே கன்ரோனில் (மாநிலத்தில்), ஒரு பனிச்சறுக்கு ஹோட்டலில் பதினொரு குளிர்காலம் வேலை செய்தவன் நான். பாத்திரம் கழுவத் தொடங்கி சமையல் வரைக்கும் ஏறினேன். அப்புறம் முதுகு சொன்ன பேச்சைக் கேட்டு ஊருக்குத் திரும்பினேன். இப்போது திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளிக் கடற்கரையில் ஆறு அறை வைத்து விடுதி நடத்துகிறேன். "பனியில படிச்சது இந்த வெயிலுக்கு என்னத்துக்கு உதவும்?" என்று மச்சான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

உதவுகிறது. அங்கே தொழிலுக்கு மூலதனம் பனிதான், அது கண்ணுக்கு முன்னாலேயே கரைகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. அதனால் அங்குள்ளவர்கள் எதையும் அளந்துதான் செய்வார்கள். செயற்கைப் பனி தூவுவதற்காகக் கோடையிலேயே மலையில் குளம் வெட்டி நிரப்பி வைப்பார்கள். ஒரு கன மீற்றர் தண்ணீருக்கு இரண்டு, இரண்டரை கன மீற்றர் பனி தேறும். குளம் நிரம்பாவிட்டால் டிசம்பரில் வியாபாரம் ஆட்டம் காணும்.

நமக்கு மூலதனம், கிணறு. நம் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று அடித்து நிலம் காய்வதும் அதே மாதங்களில்தான். ஆள் கூடும்போது தண்ணீர் குறையும். சூரிய மின்தகடு, மூங்கில் ஸ்ட்ரோ எல்லாம் இருக்கட்டும். நீங்கள் கடற்கரையில் விடுதி வைத்திருந்தால் கிணற்றிலிருந்து தொடங்குங்கள்.

கிணறு உப்பாகாமல் காப்பது

முதல் சீசனில் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அறைகள் நிறைந்த சந்தோஷத்தில் பெரிய மோட்டர் ஒன்றைப் பூட்டி, கிணற்றையும் நாலு அடி ஆழமாக்கினேன். ஆகஸ்டில் ஒரு ஜெர்மன்காரி வந்து சோப்பு நுரைக்கவில்லை என்றார். தேநீர் போட்டுக் குடித்துப் பார்த்தேன், கரித்தது. மிச்ச சீசன் முழுக்க பவுசரில் தண்ணீர் வாங்கியே லாபம் போயிற்று.

நடந்தது இதுதான். கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும். மேலே அந்த ஒரு அடியை நீங்கள் இறைத்து எடுத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு ஏறி வரும். ஒருமுறை ஏறியது இறங்க மாரி வரவேண்டும். ஊருக்கு உப்புவெளி என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

ஆகவே கிணற்றை ஆழமாக்காதீர்கள். சின்ன மோட்டர் போதும், அரைக் குதிரைவலு. இருபது நிமிடம் இறைத்து, இரண்டு மணி நேரம் கிணற்றை ஊறவிட்டு, மறுபடி இருபது நிமிடம். இப்படி மேல்தாங்கியை மெதுவாக நிரப்புங்கள். உறிஞ்சும் குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் போட வேண்டாம். ஒரு மிதவையில் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டடி கீழே நிற்கும்படி விடுங்கள். உப்புத் தண்ணீர் பாரமானது, அடியில்தான் கிடக்கும்.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் பேனா மாதிரியான மீற்றர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலையில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு கோப்பைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து கொப்பியில் எழுதுங்கள். இலக்கம் 1000 ppm ஐத் தாண்டினால் நாக்கே சொல்லிவிடும். அதுவரை காத்திராமல், வாரா வாரம் ஏறத் தொடங்கும்போதே இறைப்பைக் குறையுங்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது வேண்டும். நம் மணல் எதையும் பிடித்து வைக்காது. குழியில் விடுவது கொஞ்ச நாளில் கிணற்றுக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். கடலுக்குப் போனால் அந்த உரத்தில் பாசி வளர்ந்து முருகைக்கல்லை (பவளப்பாறையை) மூடும்.

கால் கழுவும் பானை

தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். குளிப்பதைவிட மணல் கழுவுவதில்தான் போகிறது. கடலில் இருந்து வருபவர் ஷவரைத் திறந்துவிட்டு, விரலிடுக்கில் ஒட்டிய மணல் போகும்வரை ஐந்து நிமிடம் நிற்பார். நிமிடத்துக்கு எட்டு, பத்து லீற்றர் என்று வைத்தால் ஐம்பது லீற்றர் காலுக்கே சரி. மணல் வடிகாலை அடைப்பது தனிக் கதை.

இப்போது படலையடியில் வாய் அகன்ற ஒரு மண்பானை, பக்கத்தில் சிரட்டை அகப்பை, நிற்பதற்கு ஒரு தட்டைக் கல். முதலில் காய்ந்த துவாயால் காலைத் தட்டச் சொல்வேன். பாதி மணல் அதிலேயே உதிர்ந்துவிடும். பிறகு நாலு அகப்பை போதும், இரண்டு லீற்றருக்கு மேல் போகாது. அது வழிந்து வாழைக்குப் போகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அந்த அகப்பையில் அப்படி ஒரு விருப்பம், கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். அதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

துவாய் தினமும் மாற்றுவதில்லை; கொக்கியில் போட்டால் மாற்ற வேண்டாம், தரையில் போட்டால் மாற்றுவோம் என்ற சுவிஸ் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தேன். அங்கே உலர்த்தும் இயந்திரம் இரவு பகலாக ஓடும். இங்கே கொடியில் போட்டால் ஒரு மணி நேரம்.

ஐஸ், குப்பை, மற்றவை

டாவோஸில் குளிர்காலத்துப் பனியைக் குவித்து, மரத்தூளால் மூடி, கோடை முழுக்கக் காப்பாற்றி, அடுத்த சீசனின் தொடக்கத்தில் விரிப்பார்கள். முதல்முறை கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் மீன்வாடியில் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது சோடாவும் பியரும் குளிர ஒரு பலகைப் பெட்டி, சுற்றிலும் ஒரு சாண் உமி, நடுவில் ஐஸ். இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியை விற்றுவிட்டேன். உமி ஈரமாகி அழுத்திக்கொண்டால் காக்காது, மாற்ற வேண்டும்.

சாப்பாடு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற் இலங்கையில் 2017இலேயே தடை. உணவும் மருந்தும் தவிர மற்றவற்றுக்கு 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சின்னப் பக்கெட்டுகள் 2021இல் தடையாயின, பிளாஸ்டிக் ஸ்ட்ரோ 2023இல். ஆகவே ஷாம்புவுக்கு நிரப்பும் போத்தலும், குடிக்கத் திருப்பிக் கொடுக்கும் 19 லீற்றர் போத்தலும் வைத்துவிட்டால் குப்பையில் பெரும்பகுதி போய்விடும். ஏசியை 26இல் வைக்கச் சொல்லுங்கள், கூடவே ஒரு மின்விசிறி. முணுமுணுப்பார்கள், பிறகு தூங்கிவிடுவார்கள்.

முருகைக்கல் பார்க்கப் பக்கத்துத் தீவான புறாமலைக்குப் போகிறவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கறார். சறுக்குப் பலகைக்குப் பூசும் புளோரின் மெழுகு பனி கரையும்போது தண்ணீரில் இறங்கி, அழியாமல் கிடக்கும் என்பதால் 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் அதைத் தடை செய்தார்கள். அந்த மெழுகு மாதிரி இங்கே தண்ணீரில் இறங்குவது சன்கிரீம். உடம்பெல்லாம் பூசிக்கொண்டு முருகைக்கல்லின் மேல் மிதப்பதைவிட முழுக்கைச் சட்டை போடுவது நல்லது. விடுதியில் எட்டுச் சட்டை வாங்கி இரவல் கொடுக்கிறேன், இதுவரை இரண்டு திரும்பி வரவில்லை. கல்லில் கால் ஊன்றக் கூடாது, சுறாவையும் ஆமையையும் துரத்தக் கூடாது. சுவிஸ் மலைகளிலும் குளிர்காலத்தில் விலங்குகளுக்கென்று ஒதுக்கிய காடுகளில் சறுக்க விடமாட்டார்கள். பயந்து ஓடும் மலையாடு, குளிரைத் தாங்க வைத்திருந்த கொழுப்பை அந்த ஓட்டத்தில் செலவழித்துவிடும்.

மாரிக்கு முன்

சீசன் முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கூரையைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போக மூவாயிரத்து ஐந்நூறு லீற்றர் கைக்கு வரும். நம் பக்கம் மாரியில் அப்படி எத்தனை மழை! முதல் மழையை ஓடவிடுங்கள். பறவை எச்சமும் உப்புத் தூசியும் போகட்டும். அடுத்தது தாங்கிக்கு. தாங்கி நிறைந்த மிச்சத்தைத் தெருவுக்கு விடாமல், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி ஒரு குழி வெட்டி, அடியில் கருங்கல், மேலே சரளை, அதற்கு மேலே மணல் போட்டு அதற்குள் விடுங்கள். இறங்குகிற ஒவ்வொரு வாளியும் கீழே உப்பை அமுக்கும். தாங்கி வாயில் நுளம்பு வலை கட்ட மறக்க வேண்டாம், டெங்கு வந்தால் எந்த விருந்தினரும் வரமாட்டார்.

கூரைப் பீலியில் போன மாரியின் வேப்பிலை இன்னும் மக்கிக் கிடக்கிறது. ஏணி மச்சான் வீட்டில். போய் எடுத்து வரவேண்டும்.