தொலைநோக்கியில் பனி படியாமல் காப்பது எப்படி?

மேகமற்ற இரவில் தொலைநோக்கியின் முகப்புக் கண்ணாடி தன் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, பனிப்புள்ளி வெப்பநிலைக்கும் கீழே இறங்கும்போது, காற்றின் ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படிகிறது. முதன்மை ஆடி குழாயின் அடியில் அமைந்த நியூட்டன் வகைக்கு இத்தொல்லை குறைவு. ஒளியின் பிழையைச் சரிசெய்யும் கண்ணாடியான திருத்தித் தகடு முன்முனையிலேயே திறந்து கிடக்கும் ஷ்மிட்-காசிகிரெய்ன் வகைதான் மார்கழி, தை இரவுகளில் விரைவில் மங்கும்.

முதல் காப்பு பனித்தடுப்புக் குழல். 20 செ.மீ. விட்டமுள்ள கருவிக்கு அதன் ஒன்றரை மடங்காக 30 செ.மீ. நீளத்தில் ஒரு பழைய யோகா பாயை வெட்டி, உட்புறம் கறுப்புத் துணி ஒட்டி முன்முனையில் சுற்றினாலே போதும்; இதற்கெனக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

ஈரப்பதம் மிகுந்த இரவுகளில், குறிப்பாக நீண்ட நேரம் படமெடுக்கும்போது, குழல் மட்டும் போதாது. 12 வோல்ட் வெப்பப் பட்டையைத் தகட்டின் விளிம்பை ஒட்டிக் குழாயைச் சுற்றிக் கட்டி, பனி படிந்த பிறகல்ல, தொடக்கத்திலேயே குறைந்த சூட்டில் இயக்க வேண்டும்; கண்ணாடி பனிப்புள்ளிக்கு ஓரிரு பாகை மேலே நின்றால் போதும், சூடு மிஞ்சினால் குழாய்க்குள் காற்று அலைபாய்ந்து விண்மீன்கள் படத்தில் உப்பிவிடும்.

படிந்துவிட்ட பனியைத் துணியால் துடைக்கவே கூடாது, கண்ணாடியின் மேற்பூச்சு கீறிப்போகும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்து உலர்த்தலாம். வீட்டுக்குள் எடுத்துச் செல்லுமுன் மூடியைப் போட்டு, கருவி அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் அதைத் திறந்து முழுதும் உலரவிட வேண்டும்.